இரண்டாவது பாத்திரம்

வீடியோ கேமைப் பற்றிப் பத்திரிகைகளில் அபிப்பிராயம் சொல்ல முன்வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தொட்டும் பார்த்திராதவர்கள் ஆகையால், கண் கெடும், படிப்புக் கெடும், பொழுது வீணாகும் என்ற மூன்று வாக்கியங்களுக்கு அப்பால் அவர்கள் எழுத்து செல்வதில்லை. அம்மூன்றிலும் உண்மை இல்லையென்று வாதாடுவது என் உத்தேசமன்று; அளவுக்கு மிஞ்சினால் எதற்கும் அந்தக் கதிதான். ஆயினும் ஒரு வித்தையைக் கண்டிப்பதற்காகவேனும் அதன் வாசற்படி தாண்டி உள்ளே எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பதனால், அதிலிருந்து மிகச் சிறிய விஷயம் ஒன்றை மாத்திரம் இன்று எடுத்துக்கொள்கிறேன். ‘பிளாட்ஃபார்ம் ஃபைட்டர்’ என்று வழங்கும் சண்டை விளையாட்டுகளில் ஒரே பாத்திரத்தை நெடுநாள் ஆடிக் கைதேர்ந்த ஒருவர், வேறொரு பாத்திரத்தைப் புதிதாகக் கற்கத் தொடங்கும்போது அவருடைய கைக்கும் அகம்பாவத்துக்கும் என்ன நேர்கிறது என்பதே அது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே பாத்திரத்தை ஆடிக்கொண்டிருக்கும் வரையில், தம்முடைய சாமர்த்தியம் எது, பாத்திரத்தின் சாமர்த்தியம் எது என்று பிரித்தறிய ஒருவருக்கு வழியே இல்லை, அந்தக் கணக்கைத் தீர்த்துவைப்பது இரண்டாவது பாத்திரம்தான்.

இவ்வகை விளையாட்டின் மூலபுருஷர் ஜப்பானியரான மசாஹிரோ சகுராய். அவர் ஒரு கேம் சென்டரில் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95’ என்ற சண்டை ஆட்டத்தை ஆடியபோது, எதிர்ப்பக்கம் அமர்ந்திருந்தவர்கள் ஆட்டத்துக்கே புதியவர்களான ஓர் இளம் ஜோடி என்பதை அறியாமல் அவர்களை அடித்து நொறுக்கிவிட்டு, பிறகு அதை எண்ணி வருந்தியதாக அவரே கூறியிருக்கிறார். புதியவர்களும் மனம் நோகாமல் ஆடக்கூடிய சண்டை ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் திட்டம் வகுக்க, பின்னாளில் நிண்டெண்டோ நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த சத்தோரு இவாட்டா தம் கையாலேயே புரோகிராம் எழுதிக் கொடுக்க, 1999-ஆம் வருஷம் ஜனவரியில் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ ஜப்பானில் வெளியாயிற்று. மற்றச் சண்டை ஆட்டங்களில் இருப்பது போல உயிரைக் காட்டும் கோடு தேய்ந்துகொண்டே போய் ஆள் மாளும் ஏற்பாடு இதில் கிடையாது. அடிபட அடிபடச் சதவீதம் என்று ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். எண் எவ்வளவுக்கு ஏறியிருக்கிறதோ அவ்வளவுக்கு அடுத்த அடியில் பாத்திரம் தூரப் பறக்கும். திரையின் எல்லைக்கு வெளியே போய்விட்டால் ஓர் உயிர் போயிற்று. எறியப்பட்டவர் அந்தரத்தில் தாவியும் மிதந்தும் மேடைக்குத் திரும்பி வர முயல்வதும், எதிரி விளிம்பில் நின்று அதை மறிப்பதும் இவ்வாட்டத்தின் ஜீவன் என்று சொல்லலாம்.

முதல் ஆட்டத்தில் இருந்த பாத்திரங்கள் 12. 2001-இல் வந்த ‘மெலே’ என்னும் இரண்டாவது ஆட்டத்தில் 26. 2018-இல் வந்த ‘அல்டிமேட்’டில், பின்னர் சேர்ந்தவற்றையும் கூட்டினால் 80-க்கும் மேல். இவற்றில் ‘மெலே’ 13 மாதங்களில் அவசர அவசரமாக உருவானது. புதியவர்களுக்காகவே பிறந்த ஒரு குடும்பத்தில் இந்த இரண்டாவது பிள்ளை மாத்திரம் விரல்களை மிகக் கடுமையாகச் சோதிக்கும் ஆட்டமாய் அமைந்துவிட்டது விதியின் பரிகாசம். சகுராய்க்கே அது பிற்காலத்தில் உறுத்தலாக இருந்தது. 2008-இல் வெளியிட்ட அடுத்த ஆட்டத்தில் வேகத்தைக் குறைத்தது போதாதென்று, ஓடுகிற பாத்திரம் தற்செயலாகத் தடுக்கி விழும்படியும் செய்துவைத்தார். ரசிகர்களில் ஒரு சாரார் அதை மன்னிக்கவில்லை. ‘மெலே’யை ஆடுகிறவர்கள், புதிய தொலைக்காட்சிகளில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தோன்றுவதற்கும் இடையே விழுகிற தாமதம் பொறுக்காமல், பழைய குழாய் டிவிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போய்ப் போட்டி நடத்துகிறார்கள். நான் சொல்லப்போகும் உதாரணங்களும் அந்த ஆட்டத்திலிருந்தே.

ஆட்டத்தின் திரை வினாடிக்கு 60 சித்திரங்களாக ஓடுகிறது. ஒவ்வொன்றையும் ஃபிரேம் என்பார்கள். ஃபாக்ஸ் என்னும் நரி தாவும் பட்டனை அழுத்தியதிலிருந்து தரையை விட்டுக் கிளம்ப 3 ஃபிரேம் ஆகிறது. அதற்குள் விரலை எடுத்துவிட்டால் தாவல் குட்டையாக அமையும். எடுக்காவிட்டால் நெடுந்தாவலாகி, எதிரியின் தலைக்கு மேலே பிரயோஜனமில்லாமல் தொங்க நேரிடும். குட்டைத் தாவலில்தான் சண்டை நடக்கிறது என்பதால், வினாடியில் இருபதில் ஒரு பங்கே ஆன அந்த அவகாசத்துக்குள் பட்டனைத் தொட்டு விடுகிற பழக்கத்தை ஃபாக்ஸ் ஆடுகிறவர்கள் மாதக்கணக்கில் அப்பியாசம் செய்து விரலில் ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் மார்த் என்னும் வாள்வீரனை எடுத்தால் அந்த அவகாசம் 4 ஃபிரேம். பௌஸர் என்னும் பூதாகாரமான ஆமையை எடுத்தால் 8. அதிக அவகாசம் கிடைத்தால் எளிதுதானே என்று கேட்பீர்கள். விரலுக்கு எளிதுதான், தாவலுக்குப் பிறகு வரவேண்டிய காரியங்களுக்கு அது எளிதாக இருப்பதில்லை. தாவிய பின் அடிப்பது எப்போது, கீழே இறங்குவது எப்போது என்பதெல்லாம் முதல் பட்டனிலிருந்து ஒரு தாளக்கட்டாக விரலில் பதிந்திருப்பதால், தாவல் ஒரு ஃபிரேம் தாமதித்தால் அதன் பின் வருவதெல்லாம் தாளம் தவறிவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்தரத்தில் அடித்துக்கொண்டே தரையில் இறங்கும்போது, இறங்குவதற்கு முந்தைய 7 ஃபிரேமுக்குள் கேடயப் பட்டனை அழுத்தினால் இறங்கிய பின் தடுமாறும் நேரம் பாதியாகக் குறையும் என்று ஒரு விதி உண்டு. ஃபாக்ஸ் கல்லைப் போல விழுகிற ஜாதி. மார்த் அவ்வளவு விரைந்து விழுவதில்லை. ஃபாக்ஸில் பழகிய விரல் அந்தப் பட்டனை மார்த் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே அழுத்திவிட்டு, வேலை முடிந்ததென்று சும்மா இருக்கிறது. மார்த் இறங்கி முழு நேரமும் தடுமாறி நிற்க, எதிரி நிதானமாக வந்து அடிக்கிறான்.

நாற்பது வருஷம் சமைத்த அம்மாள் ஒருத்தி பிறர் வீட்டு அடுப்படியில் நின்றால், அவளுடைய கை தன் வீட்டில் உப்பு ஜாடி இருந்த இடத்துக்கே நீளும் அல்லவா, அதே நிலைமைதான் இதுவும். சமையல் அவளுக்கு மறந்துபோகவில்லை. எது எங்கே இருக்கிறது என்று மூளையைக் கேட்டு எடுக்கும் வழக்கம்தான் எப்போதோ நின்றுவிட்டது.

அதைவிட வேடிக்கையான ஓர் உதாரணம் சொல்கிறேன். கண்ட்ரோலரில் ஸ்டிக்கைக் கீழே சாய்த்து பி-பட்டனை அழுத்தினால் ஃபாக்ஸைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு கேடயம் பளிச்சிடும். ‘ஷைன்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் அது, அழுத்திய முதல் ஃபிரேமிலேயே எதிரியைத் தாக்கும். அதைவிட விரைவான தாக்குதல் சாத்தியமே இல்லை என்பதால், மூச்சு முட்டும்படி எதிரி நெருங்கும் க்ஷணத்திலெல்லாம் ஃபாக்ஸ் ஆடுகிறவரின் கை புத்தியைக் கேளாமலே அந்தப் பட்டனுக்குப் போகிறது. இப்படிப் பழகியவர் மார்த்தை எடுத்து அதே ஆபத்தில் அதே பட்டனை அழுத்துகிறார். மார்த் வாளை உயர்த்தி, எதிரி அடித்தால் திருப்பி அடிப்பேன் என்று ஒரு நிலையில் நிற்கிறான். எதிரி அடிக்காமல் அவனைப் பிடித்துத் தூக்கி எறிகிறான். சரியென்று ஜிக்லிபஃப் என்னும் உருண்டைப் பாத்திரத்தை எடுத்து, மறுபடியும் ஆபத்து வந்து, கை மறுபடியும் அங்கேயே போனால், ஜிக்லிபஃப் சண்டையின் நடுவே கண்ணை மூடித் தூங்கிவிடுகிறது! எதிரியின் மேல் மிகச் சரியாக ஒட்டிக்கொண்டு தூங்கினால் அந்தத் தூக்கமே பயங்கரமான அடியாகும்; தப்பினால் ஏறக்குறைய 4 வினாடி, எழுப்ப வழியின்றி, எதிரி வேண்டியபடி ஆயத்தம் செய்துகொண்டு அடிக்கும் வரையில் அது உறங்கும். ‘எனக்கு ஆபத்துக் காலத்தில் புத்தி தெளிவு’ என்று நெடுநாளாக எண்ணியிருந்த மனிதர், தெளிவு தம்முடையதன்று, முதல் ஃபிரேமில் அடிக்கிற அந்த நீலக் கேடயத்தினுடையது என்று அறிந்துகொள்ளும் சந்தர்ப்பம் இது. பரீட்சை எழுதித் தோற்றால்கூட இவ்வளவு துல்லியமான மதிப்பெண் கிடைப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மார்த்தும் ராயும் ‘ஃபயர் எம்பளம்’ என்ற ஜப்பானிய யுத்தக் கதை விளையாட்டிலிருந்து வந்தவர்கள். அத்தொடர் அப்போது ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கே வந்திராத காரணத்தால், அமெரிக்கர்களுக்கு இவர்கள் ஊர் பேர் தெரியாத புதுமுகங்கள். இருவருக்கும் அங்க அசைவு பெரும்பாலும் ஒன்றே. வாள் வீச்சும் ஒன்றே. ஆனால் மார்த்தின் வாள் நுனியில் பலம். ராயின் வாள் கைப்பிடிக்கு அருகில் பலம். பக்கவாட்டில் ஓங்கி வீசும் மார்த்தின் அடி நுனியில் பட்டால் 20 சதவீதம் ஏறும், நடுவில் பட்டால் 14 மாத்திரமே. பறக்கும் தூரத்திலோ வித்தியாசம் இன்னும் பெரிது. ஆகவே மார்த் ஆடுகிறவர் எதிரியை ஒரு வாள் நீளத்துக்கு அப்பாலேயே நிறுத்தி வைக்கக் கற்கிறார். பின்வாங்கிக்கொண்டே அடிப்பதும், எதிரி அடியெடுத்து வைக்கப்போகும் இடத்தை முன்கூட்டி ஊகிப்பதும் அவருக்குச் சுபாவமாகின்றன. அவர் ராயை எடுத்தால் பட்டன்கள் எல்லாம் பழகியவை, விரலுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. இருந்தும் அவருடைய அடிகள் வலுவற்று விழுகின்றன. ராயைக் கொண்டு ஜெயிக்க எதிரியின் மார்போடு மார்பு மோதும்படி உள்ளே புக வேண்டும். அந்தத் துணிவை மார்த் அவருக்குக் கற்பித்ததே இல்லை. ஃபாக்ஸிலிருந்து மார்த்துக்குப் போகும்போது கையின் பழக்கம் பிரத்தியட்சமாகிறது. மார்த்திலிருந்து ராய்க்குப் போகும்போதோ மனத்தின் பழக்கம். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் பின்னதுதான் என்பேன். தாளம் தவறிய விரலை ஒரு மாதத்தில் திருத்திவிடலாம். அடி வாங்கும் தூரத்துக்குள் விரும்பிப் போவதற்கு வேறொரு மனிதனாக ஆகவேண்டியிருக்கிறது.

புதிய பாத்திரத்தை எடுக்கும் இளைஞர்கள் முதலில் செய்வது என்ன என்று பார்த்தால், யூடியூபில் அந்தப் பாத்திரத்தின் காம்போக்களைத் தேடி, அடிமேல் அடியாக எதிரியைக் கீழே விழவிடாமல் சாத்துகிற வித்தைகளை ட்ரெய்னிங் மோடில் அசையாமல் நிற்கும் பொம்மையின் மேல் இரவெல்லாம் பழகுகிறார்கள். அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. கச்சேரிக்குப் போகிறவன் துக்கடாவைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வருகிறான். ஆனால் முதலில் கற்க வேண்டியது, தூக்கி எறியப்பட்ட பின் மேடைக்குத் திரும்பி வருவது எப்படி என்பதே என்பது என் திடமான அபிப்பிராயம். ஃபாக்ஸ் நெருப்பைப் போர்த்திக்கொண்டு எந்தத் திசையிலும் நெடுந்தூரம் பாய்ந்து திரும்ப முடியும். பக்கவாட்டில் மின்னலாய் வழுக்கி வருவதற்கு வேறொரு வழியும் அதற்கு உண்டு. ஆகவே ஃபாக்ஸ் ஆடிப் பழகியவர், அந்தரத்தில் தமக்கு உள்ள இரண்டாவது தாவலைச் சற்று அலட்சியமாகவே செலவழித்துவிடுவார். மார்த்தின் மீட்சியோ ஏறக்குறைய நேர் மேலே எழும் ஒரே வெட்டு. பக்கவாட்டில் அது கொண்டு சேர்ப்பது சொற்பம். அலட்சியமாகத் தாவலைச் செலவழித்த மார்த், விளிம்புக்கு ஒரு முழம் இப்பால் எழும்பி, அதே இடத்தில் விழுந்து மாள்கிறான். ஜிக்லிபஃபுக்கு அப்படிப்பட்ட மேல்நோக்கிய பாய்ச்சலே கிடையாது. அதற்குப் பதிலாக அந்தரத்தில் 5 முறை தாவும், பஞ்சு போல மிதக்கும். ஒரு பாத்திரத்தின் அடிகளைப் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். அது எங்கே கையாலாகாதது என்பதை அறிந்த பிறகே அதன் அடிகள் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பது விளங்குகிறது. வாளின் நுனியில் எதிரியை நிறுத்தும் மார்த்தின் எச்சரிக்கையும், வெளியே தள்ளப்பட்டால் திரும்புவது துர்லபம் என்ற அவனுடைய நிலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமுடையவை என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்தப் பாத்திரத்தைக் கற்பது என்ற கேள்விக்கு உலகம் தயாராக வைத்திருக்கும் பதில் ‘டியர் லிஸ்ட்’ எனப்படும் தரவரிசை. கைதேர்ந்தவர்கள் கூடி, எந்தப் பாத்திரம் உத்தமம், எது மத்திமம், எது அதமம் என்று வரிசைப்படுத்தி வெளியிடுவார்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மரியாதை உண்டு, பக்தி கிடையாது. அதில் யோஷி என்னும் பச்சைப் பல்லி போன்ற பாத்திரம் பல வருஷங்கள் கீழ்ப்பாதியில் கிடந்தது. கேடயத்துக்குள்ளிருந்து நேரே தாவ மற்றவர்களால் முடியும், யோஷியால் முடியாது. மேடைக்குத் திரும்ப அதற்கு இருப்பது ஒரே ஒரு பெரிய தாவல். இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த ஒரு தாவலின்போது யோஷி ஓரளவு அடி வாங்கியும் அசைந்து கொடுக்காது என்பதும், கேடயத்தை எதிரியின் அடி விழும் அதே க்ஷணத்தில் எழுப்பினால் அடியைத் தட்டிவிட்டு உடனே திருப்பித் தாக்கலாம் என்பதும் கூட உண்மையே. இவற்றைத் தம் ஆட்டத்தின் அஸ்திவாரமாக்கிக்கொண்ட ஆம்சா என்ற ஜப்பானிய ஆட்டக்காரர், 2022-இல் அமெரிக்காவில் நடந்த ‘பிக் ஹவுஸ்’ போட்டியில் யோஷியைக் கொண்டே முதலிடம் பெற்றார். அதனால் யோஷியை எடுத்தவரெல்லாம் ஜெயிப்பார் என்று யாரும் எண்ண வேண்டாம். பட்டியல் சொல்வது, பலர் ஆடியதன் சராசரியை. இன்னும் யாரும் ஆடிப் பார்க்காததைப் பற்றி அது மௌனமாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் உண்டு. அவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. ஒரு பாத்திரத்தை எடுப்பார்கள், நாலு ஆட்டம் தோற்பார்கள், பாத்திரம் சரியில்லை என்று வேறொன்றை எடுப்பார்கள். அதிலும் தோற்றுப் பின் மூன்றாவது. இவர்கள் 26 பாத்திரங்களையும் அறிந்தவர்கள் போலப் பேசுவதுண்டு. நான் மேலே சொன்ன கணக்குத் தீர்ப்பு இவர்களுக்கு வாய்க்காது; ஏனெனில், விரலில் ஒன்று ஊறி வேரோடிய பிறகே வேறொன்றை எடுக்கும்போது எது பெயர்கிறது, எது நிலைக்கிறது என்று தெரியும். போட்டிகளின் விதியும் இவர்களுக்கு ஆசை காட்டுகிறது. ஓர் ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் அடுத்த மேடையைத் தேர்ந்தெடுக்கலாம். ஜெயித்தவர் தம் பாத்திரத்தைச் சொன்ன பிறகு தாமும் பாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். யோசித்து மாற்றுகிறவர்களுக்கு இது நியாயமான சலுகை. பயந்து மாற்றுகிறவர் பெரும்பாலும் இரண்டு பாத்திரத்திலும் தோற்றுப் போவதைத்தான் பார்க்கிறோம்.

பெயர் பெற்ற ஆட்டக்காரர்களின் சரித்திரம் இவ்விஷயத்தில் ஒரே தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மேங்கோ என்ற அமெரிக்கர் 2009-இல் ‘ஜெனெசிஸ்’ போட்டியை ஜிக்லிபஃபைக் கொண்டு ஜெயித்தவர். ஜெயித்துக் கொடுத்த பாத்திரத்தை விட்டு, அதற்கு எல்லா விதத்திலும் முரணான ஃபாக்ஸுக்கும் ஃபால்கோ என்ற பாத்திரத்துக்கும் போய், 2013-லும் 2014-லும் ‘ஈவோ’ போட்டியில் முதல்வராக வந்தார். அதே ஜிக்லிபஃபை விடாமல் ஆண்டாண்டு காலமாகப் பற்றிக்கொண்டிருந்து உச்சிக்கு ஏறியவர் ஹங்கிரிபாக்ஸ். இந்த ஹங்கிரிபாக்ஸ் விஷயத்தில்தான் ஸ்வீடன் தேசத்து அர்மாடாவுக்கு இரண்டாவது பாத்திரம் அவசியமாயிற்று. அர்மாடாவின் சொந்தப் பாத்திரம் பீச் என்னும் இளவரசி. மிதந்துகொண்டே தாக்குவதில் அந்த இளவரசிக்கு இணை யாரும் இல்லை. மிதப்பதில் இளவரசியையும் மிஞ்சிய ஜிக்லிபஃப் எதிரே வந்தபோது அந்தப் பெருமை பலிக்கவில்லை. ஆகவே அர்மாடா அந்த ஓர் எதிரிக்காகவே யங் லிங்க் என்னும் சிறுவனைப் பயின்றார். சிறுவனிடம் வில்லும், பூமராங்கும், வெடிகுண்டும் உண்டு. ஜிக்லிபஃபிடம் எறிவதற்கு ஒன்றுமே இல்லை. தூரத்திலிருந்தே அடித்து அதைக் கிட்ட வரவிடாமல் செய்யும் யுக்தி அது. பார்க்கிறவர்களுக்கு அலுப்பூட்டினாலும், யுக்தியில் பழுது சொல்வதற்கில்லை.

ஆனால் காலப்போக்கில் அர்மாடா அதையும் ஒதுக்கிவிட்டு ஃபாக்ஸைக் கற்றார். ஒரே எதிரிக்கென்று பயின்ற பாத்திரம் அந்த எதிரி எப்படி ஆடுவான் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. எதிரி ஆட்டத்தை மாற்றிக்கொண்டால் ஊகமும் போய்விடும். ஃபாக்ஸை அவர் அப்படிக் கற்கவில்லை. பீச்சைக் கற்ற அதே சிரத்தையோடு, விரல் முதற்கொண்டு தொடங்கிக் கற்றார். 2016-இல் லாஸ் வேகாஸில் நடந்த ‘ஈவோ’ இறுதி ஆட்டத்தில் அந்த ஃபாக்ஸோடுதான் ஹங்கிரிபாக்ஸின் எதிரே அமர்ந்தார், தோற்றார். அவர் பீச்சையே ஆடியிருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்திருக்கக்கூடும். ஜிக்லிபஃப் ஒன்றையே பயின்று வந்தவரின் எதிரே, பிற்காலத்தில் கற்றுக்கொண்ட பாத்திரத்தோடு உட்கார்ந்து, அந்தப் போட்டியின் முதலிடத்துக்கு ஓரடி இப்பால் வரை வந்ததை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன்.